கோடு கீறினவன்

சிப்பியடி ஒழுங்கை,
குருநகர், யாழ்ப்பாணம்.
9-9-1946

அன்புள்ள தம்பி அடைக்கலம்,

நாங்கள் சுகம் எண்டு எழுதத்தான் கடுதாசியை எடுத்தன். எழுதக் கை வருகுதில்லை. உன்ரை அத்தானுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒண்டுமில்லை. மனசுதான் சரியில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலமை அஞ்சாறு பேர் சங்கிலியும் சிவப்புக் கொடியும் கொண்டு ஒழுங்கைக்குள்ளை வந்தவை. கரையிலை இருந்து கோயில் மதில் வரைக்கும் இழுத்து இழுத்து அளந்தவை. உன்ரை அத்தான் போய், "என்ன ஐயா அளக்கிறியள்?" எண்டு கேட்டார். "அளக்கச் சொன்னவை, அளக்கிறம்" எண்டு சொல்லிப்போட்டு ஒருத்தன் எங்கடை சுவரிலை தாராலை 17 எண்டு எழுதினான். அம்பத்திமூண்டு வீட்டுக்கும் இப்பிடி இலக்கம் போட்டிட்டுப் போட்டினம்.

சனம் ஆளுக்கொரு கதை கதைக்குது. பட்டாளம் திரும்பி வரப்போகுதாம். நெருப்புக்காய்ச்சல் வந்த வீடுகளைக் கொளுத்தப் போயினமாம். ஒழுங்கைக்குப் பெரியவர் எண்டு, அஞ்சாறு வள்ளம் வைச்சிருக்கிற சம்மாட்டி நீக்கிலாப்பிள்ளைதான் மூண்டு தரம் அரசாங்கக் கச்சேரிக்குப் போட்டு வந்தவர். ஒருத்தரும் வாய் திறக்கினமில்லையாம்.

நான் பிள்ளைப்பேறு பாக்கப் போற வீடுகளிலை, நோவோடை கிடக்கிற பெட்டையளும் "அக்கா, எங்களைக் கலைச்சுப்போடுவினமோ?" எண்டுதான் கேக்கினம். பதினைஞ்சு வருசம் மருத்துவிச்சி வேலை செய்யிறன். பேறு நோவை மிஞ்சின பயத்தை இப்பதான் பாக்கிறன்.

நீ பட்டினங்களுக்குப் படம் கீறுற அரசாங்கக் கந்தோரிலைதானே வேலையாய் இருக்கிறாய். உனக்கு ஏதும் தெரியுமோ? உடனை எழுது.

அக்கா,
பெர்னடெட்


கொட்டாஞ்சேனை, கொழும்பு.
20-9-1946

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வீணாகக் கலங்க வேண்டாம். பல பட்டினங்களிலும் இவ்வாறு அளவை நடைபெறுகிறது. புதுச்சட்டம் வந்திருக்கிறது. இதுவரை பட்டினம் தன்பாட்டில் வளர்ந்தது. இனி எங்கே வீடு, எங்கே வீதி, எங்கே சந்தை என்று முன்கூட்டியே தாளில் தீர்மானிக்கப்படும். யுத்தம் முடிந்த நாடுகளிலெல்லாம் இதுதான் புதுமுறை என்று எங்கள் பெரிய துரை சொல்கிறார். சனங்களின் நன்மைக்காகவே எல்லாம்.

நான் எந்தக் கந்தோரில் இருக்கிறேன் என்று ஒழுங்கையில் யாருக்கும் சொல்லாதீர்கள். இந்தக் கடிதத்தை வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். இந்த வருடம் கூரைக்குப் புதுக் கிடுகு போட வேண்டாம். பழையதே போதும்.

அன்புத் தம்பி,
அடைக்கலநாதன்


குருநகர்,
2-10-1946

தம்பி,

கந்தோர்த் தமிழிலை எழுதியிருக்கிறாய். அதிலேயே பாதி விளங்கிச்சு. மிச்சம் கிடுகிலை விளங்கிச்சு.

ஐப்பசி மழை வரப்போகுது. எங்கடை கூரை மூண்டு இடத்திலை ஒழுகுது எண்டு உனக்குத் தெரியும். அப்பிடியிருக்கக் கிடுகு போடாதை எண்டு எழுதிறாய். அந்த வரியை நாலு தரம் வாசிச்சன். பிறகு அடுப்பிலை போட்டன். அத்தான், "தம்பி என்ன எழுதியிருக்கிறான்?" எண்டு கேட்டார். "சுகமாம்" எண்டன். கலியாணம் செய்து இவ்வளவு காலத்திலை அந்த மனிசனுக்கு நான் சொன்ன முதல் பொய் இது.

ஓம் எண்டோ இல்லை எண்டோ ஒரு சொல் எழுது. எங்கடை வீடு போகுதோ?

பெர்னடெட்


கொழும்பு,
12-10-1946

அக்கா,

ஓம். போகிறது.

எங்கள் வீடு மட்டுமல்ல, ஒழுங்கை முழுவதும். கரையோரமாக அறுபதடி வீதி ஒன்று வரும். ஐம்பத்துமூன்று குடும்பங்களும் ஒன்றரை மைல் உள்ளே தள்ளி, கோரைத்தரவை வெளியில் அமைக்கப்போகும் குடியிருப்புக்குப் போகவேண்டும். நேரான வீதிகள், வீட்டுக்கு வீடு முப்பதடி இடைவெளி, கல்லால் கட்டிய கிணறுகள். அந்தப் படத்தில் கோட்டைக் கீறியவன் நான்தான். யாரும் என் கையைப் பிடித்துக் கீறவைக்கவில்லை. விரும்பித்தான் கீறினேன்.

அம்மா செத்தபோது எனக்கு ஒன்பது வயது. இருபத்தொரு நாள் நெருப்புக்காய்ச்சல், கெட்ட தண்ணீரால் வருவது. நீங்கள்தான் நெற்றிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தீர்கள். எங்கள் கிணற்றுக்கும் பக்கத்து வளவுக் கக்கூசுக் குழிக்கும் இடையில் பத்தடிகூட இல்லை என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. படம் கீறப் படித்த பிறகுதான் எனக்கே தெரியவந்தது. போன ஐந்து வருடத்தில் அதே காய்ச்சலால் நம் ஒழுங்கையில் பதினொரு பேர் செத்திருக்கிறார்கள். அந்தச் சாவுக் கணக்குத் தாள் என் மேசையில் இருக்கிறது. நான் கோட்டைக் கீறாவிட்டால் பன்னிரண்டாவது யார்?

தை மாதம் பதினைந்தாம் திகதி யாழ்ப்பாணத்தில் விசாரணை. இதையெல்லாம் வெளியே சொல்வதில்லை என்று ஒப்பம் வைத்திருக்கிறேன். சொன்னது தெரிந்தால் வேலை போய்விடும். உங்களுக்குச் சொல்லிவிட்டேன். இனி நான் உங்கள் கையில்.

அடைக்கலம்


குருநகர்,
24-10-1946

அடைக்கலம்,

பத்து நாளாப் பேனையை எடுக்கேல்லை. எடுத்திருந்தா எழுதக்கூடாததை எழுதியிருப்பன்.

பதினொரு பேர் எண்டு உன்ரை தாளிலை கிடக்கு. எனக்கு அது பதினொரு முகம். அதிலை ஆறு பேரை இந்தக் கையாலை ஏந்தி எடுத்தனான். கிணறு பிழை எண்டு எனக்குத் தெரியாதோ? கிணத்தை மாத்து, குழியை மாத்து, முதல் ஆளா நான் மண்வெட்டி தூக்கிறன். கிணறு பிழை எண்டதுக்கு ஏன்ரா கடலைப் பறிக்கிறாய்?

உன்ரை அத்தான் முகத்திலை படுற காத்தை வைச்சுத்தான் வள்ளம் தள்ளுறதோ விடுறதோ எண்டு முடிவெடுக்கிறவர். ஒண்டரைக் கட்டைக்கு அங்காலை கிடந்தா அவருக்குக் காத்தை ஆர் சொல்லுறது? வலையை ஆர் பாக்கிறது?

இன்னொண்டு கேக்கிறன். கோரைத்தரவையை நீ மாரியிலை பாத்தனியோ? மழை துவங்கினா மாடும் அங்கை நிக்காது. அங்கையோ பிள்ளை பெத்த பெட்டையளைக் கொண்டுபோய்க் கிடத்தச் சொல்லுறாய்?

ஒருத்தருக்கும் நான் சொல்லேல்லை. சொன்னா உன்ரை வேலை போம். சொல்லாட்டி இந்தச் சனத்துக்கு நான் துரோகி. ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தப் பயத்தை மடியிலை கட்டிக்கொண்டு போய் வாறன்.

பெர்னடெட்


கொழும்பு,
6-11-1946

அக்கா,

நீங்கள் கேட்டதைத் துரையிடம் கேட்டேன். நேராகக் கேட்கத் துணிவில்லை. "சேர், குடியேற்றும் நிலத்தை மழைகாலத்தில் ஒருமுறை பார்த்தால் நல்லதல்லவா?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வெள்ளம் பார்க்க வேறு இலாகா இருக்கிறது. சனத்தோடு கதைக்கக் கச்சேரி இருக்கிறது. உன் வேலை கோடு" என்றார். அளவைத்தாளில் கோரைத்தரவை உலர்ந்த மேட்டு நிலம் என்றுதான் போட்டிருக்கிறது. அதற்கு மேல் கேட்க என்னால் முடியவில்லை. எனக்கு இந்த வேலையை விட்டால் வேறு ஒன்றும் தெரியாது.

படத்தை இந்த மாதம் யாழ்ப்பாணத்தில் எல்லோரும் பார்க்க வைக்கப்போகிறார்கள். கீழ் மூலையில் வரைந்தவன் பெயர் இருக்கும். என் பெயரை எடுக்கச் சொல்லிக் கேட்டேன். வழக்கமில்லையாம். அக்கா, கொஞ்ச நாளைக்கு அத்தானையும் கூட்டிக்கொண்டு நாவாந்துறை மாமி வீட்டில் போய் இருங்கள். இரந்து கேட்கிறேன்.

அடைக்கலம்


குருநகர்,
29-11-1946

தம்பி,

நாங்கள் நாவாந்துறைக்குப் போகேல்லை. போயிருந்தா ஓடினவையாயிருப்பம்.

நீக்கிலாப்பிள்ளை படத்தைப் போய்ப் பாத்தார். இங்கிலீசு தெரிஞ்ச ஒருத்தரைக் கொண்டு மூலையிலை இருந்த பேரை வாசிப்பிச்சவராம். பின்னேரம் வந்து எங்கடை படலையைத் திறக்காமல் வெளியிலை நிண்டுகொண்டே கேட்டார்: "பெர்னடெட், உன்ரை தம்பி கோடு கீறினது உனக்குத் தெரியுமோ?"

பக்கத்திலை உன்ரை அத்தான் நிண்டவர். நான் "ஓம்" எண்டன்.

அத்தான் உள்ளுக்குப் போய் வலையைத் தோளிலை போட்டுக்கொண்டு கரைக்குப் போனார். ரெண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை. மூண்டாம் நாள், "என்னட்டையாவது சொல்லியிருக்கலாம்" எண்டு மட்டும் சொன்னார்.

மற்றதை எப்பிடி எழுதிறது எண்டு தெரியேல்லை. மரியரட்ணத்தின்ரை பெண்சாதி லூர்த்தம்மாவுக்கு இது தலைப்பிள்ளை. பிள்ளை குறுக்கை கிடந்தது. ரெண்டு கிழமைக்கு முன்னம் நான்தான் தடவிப் பாத்து, "நோ துவங்கின உடனை என்னைக் கூப்பிடுங்கோ" எண்டு சொல்லி வைச்சனான். போன திங்கட்கிழமை காலமை நோ துவங்கியிருக்கு. என்னைக் கூப்பிடேல்லை. அந்தக் குடும்பத்துக் கை படக்கூடாது எண்டு சொன்னவையாம். அவள் கத்துறது எனக்கு வேலிக்கு இஞ்சாலை கேட்டுது. ரெண்டு தரம் படலை வரைக்கும் போனன். மரியரட்ணத்தின்ரை தமையன் குறுக்கை நிண்டான். மத்தியானம் திரும்பின பிறகு, அவள் நினைவில்லாமல் போன பிறகுதான் ஓடி வந்து கூப்பிட்டவை. தாயைக் காப்பாத்திப்போட்டன். பிள்ளை ஆம்பிளைப்பிள்ளை. நான் கையிலை எடுக்கேக்கை உயிரில்லை.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதேல்லை. எனக்குச் சொல்ல வேறை ஆருமில்லை.

நேத்து மழைக்குள்ளை கோரைத்தரவைக்குப் போனன். முழங்காலுக்கு மேலை தண்ணி. உனக்கு என்ன செய்யேலும் எண்டு தெரியாது. ஆனா நீ இதை அறியாமல் இருக்கக்கூடாது.

அக்கா


கொழும்பு,
4-12-1946

அக்கா,

உங்கடை கடிதத்தைக் கந்தோரிலை வைச்சுத்தான் உடைச்சன். வாசிச்சு முடிச்சன்.

பிறகு படங்கள் அடுக்கி வைக்கிற அறைக்குப் போய்ப் பழைய அளவைத்தாளைத் தேடி எடுத்தன். கோரைத்தரவையை அளந்தது இருபத்திரண்டு வருசத்துக்கு முந்தி. மாசம் ஆவணி. நல்ல கோடை. அதுக்குப் பிறகு ஒருத்தரும் அங்கை காலடி வைக்கேல்லை. நானும் வைக்கேல்லை. நான் பிறந்த இடத்திலை இருந்து ஒண்டரைக் கட்டை. தாளை நம்பினன்.

உங்கடை சொல்லை மட்டும் கொண்டு போனா, பொம்பிளை சொன்னது, வீடு பறிபோறவள் சொன்னது எண்டு தள்ளிப்போடுவினம். கணக்கு வேணும். அதுக்கு ஒரு வழி எழுதிறன். தரவையிலை ஏழு இடத்திலை தடி நடுங்கோ. ஒவ்வொரு நாளும் காலமை தண்ணி எத்தினை அங்குலம் எண்டு அளந்து எழுதுங்கோ. பத்து நாள் விடாமல் செய்யவேணும். மழை விட்டாப் பிறகும் அளந்து எழுதுங்கோ. தண்ணி வடியுதோ நிக்குதோ எண்டதுதான் முக்கியம். கோயில் சுவாமியாரை ஒரு நாளாவது கூட்டிக்கொண்டு போய்க் காட்டி ஒப்பம் வாங்குங்கோ.

அந்தச் சனத்துக்கு நடுவாலை உங்களைத் தனிய நடக்கச் சொல்லக் கூசுது. இதைக் கேக்க எனக்கு உரிமையில்லை. ஏலாட்டி விடுங்கோ.

அடைக்கலம்


குருநகர்,
20-12-1946

தம்பி,

அளந்த தாளை இதோடை வைச்சிருக்கிறன். சுவாமியார் மூண்டு நாள் வந்து ஒப்பம் வைச்சவர். நாலாந் தடியிலை இருபத்தொரு அங்குலம். கடைசி மூண்டு நாள் மழை ஒரு துளியும் இல்லை. அப்பவும் பத்தொன்பது நிண்டுது. அது வடியிற தண்ணியில்லை, கிடக்கிற தண்ணி.

நாலாம் நாள் நடந்ததை எழுதவேணும். துணி அளக்கிற நாடாவும் கயிறும் கொண்டு தனியப் போனன். அஞ்சாந் தடிக்குக் கிட்டக் கால் புதைஞ்சுபோச்சு. இடுப்பு வரைக்கும் சேறு. இழுக்க இழுக்க உள்ளை போகுது. நிமிந்து பாத்தா, கரையிலை மரியரட்ணம். கையிலை தாங்கு கம்பு, வள்ளம் தள்ளுற பெரிய கம்பு. ஒழுங்கையிலை இருந்தே எனக்குப் பின்னாலை வந்திருக்கிறான். அண்டைக்கு முடிஞ்சுது எண்டு நினைச்சன். கத்தேல்லை. கத்தி ஆர் வரப்போயினம்?

அவன் தண்ணிக்குள்ளை இறங்கி வந்தான். கம்பை ஓங்குவான் எண்டு கண்ணை மூடினன். கம்பு முனை என்ரை கையிலை வந்து முட்டிச்சு.

"பிடியுங்கோ" எண்டான்.

இழுத்து வெளியிலை விட்டாப் பிறகு கேட்டான்: "என்ன செய்யிறியள் இஞ்சை?"

"தண்ணி அளக்கிறன்."

"ஆருக்கு?"

பொய் சொல்ல ஏலேல்லை. "கோடு கீறினவனுக்கு" எண்டன்.

தரவையை ஒருக்கால் சுத்திப் பாத்தான். பிறகு கயித்தின்ரை மற்றத் தலைப்பை எடுத்தான். "எந்தத் தடி மிச்சம்?" எண்டு கேட்டான்.

பிறகு ஒவ்வொரு நாளும் வந்தான். தன்ரை பிள்ளையைப் பற்றி அவனும் கதைக்கேல்லை, நானும் கதைக்கேல்லை.

அக்கா


குருநகர்,
17-1-1947

தம்பி,

முந்தநாள் உன்னை விசாரணை மண்டபத்தாலை வெளியிலை அனுப்பினாப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதுதான் எழுதிறன்.

நீ எழும்பி, "படத்திலை இருக்கிற கோடு பிழை. கீறினவன் நான்தான்" எண்டு சொன்ன உடனை உன்ரை துரைக்கு முகம் சிவந்துபோச்சு. அவர் உன்னை "வெளியே போ" எண்டது விளங்க எனக்கு இங்கிலீசு தேவைப்படேல்லை. நீ படியாலை இறங்கினதை யன்னலாலை பாத்தன். ஸ்டேசனுக்குப் போற வழியிலை வருவாய் எண்டு கூழ் காய்ச்சி வைச்சிருந்தன். வரேல்லை. ஒழுங்கைக்குள்ளை வரப் பயந்திருப்பாய். பயப்பிட்டதும் சரிதான்.

நீ மேசையிலை விட்டிட்டுப் போன தாளை விசாரிக்க வந்த ஐயா எடுத்துப் பாத்தார். "இதை ஆர் அளந்தது?" எண்டு கேட்டார். எழும்பினன்.

"நீ ஆர்?"

"மருத்துவிச்சி, ஐயா."

பின்னாலை ரெண்டு பேர் சிரிச்சவை. "மருத்துவிச்சிக்குத் தண்ணி அளக்கத் தெரியுமோ?" எண்டார்.

"வயித்துக்குள்ளை கிடக்கிற பிள்ளையைக் கையாலை அளக்கிறனான், ஐயா. கண்ணுக்கு முன்னாலை கிடக்கிற தண்ணியை அளக்க மாட்டனோ?"

அப்ப மரியரட்ணம் எழும்பினான். "கயித்தின்ரை மற்றத் தலைப்பைப் பிடிச்சது நான். இந்த மனிசியை நாங்கள் வீட்டுக்கை விடாததாலை என்ரை பிள்ளை செத்தது. அதுக்குப் பிறகும் இவ எங்களுக்காகத்தான் சேத்துக்கை நிண்டவ. இவ பொய் சொல்ல மாட்டா" எண்டான். என்ரை பக்கத்திலை உன்ரை அத்தான் அழுதுகொண்டிருந்தார்.

விசாரணைக்காரர் அண்டைக்கே பின்னேரம் தரவைக்குப் போனார். சப்பாத்தைக் கழட்டிக் கையிலை பிடிச்சுக்கொண்டு நிண்டார். இனி என்ன வருமோ தெரியாது. உனக்கு என்ன செய்யப்போயினமோ எண்டதுதான் இப்ப என்ரை பயம்.

அக்கா


கொழும்பு,
22-3-1947

அக்கா,

முடிவு வந்திட்டுது. கோரைத்தரவையைக் கைவிட்டிட்டினம். ஒழுங்கை நிக்கும். அறுபதடி வீதி முப்பதடியாச்சு. புதுசா மூண்டு கிணறு, கோயில் வளவுக்குப் பின்னாலை பொதுக் கக்கூசு. பழைய கிணறுகளை மூடவேணும்.

ஆனா புதுக் கக்கூசுக் குழிக்கும் வீதிக்கும் இடையிலை அகப்பட்ட பதினாலு வீடு போகவேணும். அவைக்கு வீதிக்கு அங்காலை காணி, கடல் தெரியிற தூரம். புதுப்படத்தையும் என்னைக் கொண்டுதான் கீறுவிச்சவை, தண்டனை மாதிரி. நாலு தரம் கோட்டை அங்கை இஞ்சை தள்ளிப் பாத்தன். எங்கடை வீட்டைத் தப்பவைக்க ஏலும். அப்பிடிச் செய்தா நீக்கிலாப்பிள்ளையின்ரை பக்கத்திலை மூண்டு வீடு போகும். செய்யேல்லை. எங்கடை பதினேழாம் இலக்கம் அந்தப் பதினாலு வீட்டுக்குள்ளை இருக்கு.

இந்த முறை ஆரிட்டையும் கேட்டு அறிய விடாமல் முதலே எழுதிறன். அத்தானுக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ.

என்னைத் திருக்கோணமலைக்கு மாத்தியாச்சு. "சனத்தைப் பாக்கத்தானே ஆசைப்பட்டாய்" எண்டார் துரை.

அடைக்கலம்


குருநகர்,
10-5-1947

தம்பி,

வீடு போட்டுது. ஒரு காலமைதான் எடுத்துது. அத்தான் கூரை வளைமரங்களைத் தானே கழட்டினார், வேறை ஆரையும் தொட விடேல்லை. அம்மா படுத்த மூலைச் சுவர் விழேக்கை நான் பாக்கேல்லை. கரைப்பக்கம் திரும்பி நிண்டன்.

புது இடத்திலை கொட்டில் வீடு போட ஒழுங்கைச் சனம் பாதிக்கு மேலை வந்துது. மற்றவை வரேல்லை. லூர்த்தம்மா இன்னும் என்னைக் கண்டா முகத்தைத் திருப்புறாள். அவளிலை பிழையில்லை. உன்னையும் சிலர் மன்னிக்க மாட்டினம், அதையும் நீ அறிஞ்சிரு. புதுக்கிணத்துத் தண்ணி கொஞ்சம் உவர். எண்டாலும் இந்த மாசம் நெருப்புக்காய்ச்சல் ஒண்டும் இல்லை.

நேரம் கிடைச்சா வா. பகலிலை வா. உன்னோடை ஒழுங்கைக்குள்ளை நான் நடந்து வருவன்.

அக்கா


திருக்கோணமலை,
2-6-1947

அக்கா,

இதை ஒரு மீன்காரத் தெருவிலை, கவிட்டு வைச்ச வள்ளத்திலை இருந்துகொண்டு எழுதிறன். இந்தத் தெருவுக்கும் படம் கீறவேணுமாம். அளவைத்தாள் தந்தவை. இன்னும் விரிக்கேல்லை. முதலிலை வந்து பாப்பம் எண்டு வந்தன்.

என்ரை கையிலை அளவுநாடாவைக் கண்ட உடனை ஒரு மனிசி கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு உள்ளை ஓடிக் கதவைச் சாத்திப்போட்டாள். உள்ளை இருந்தே கேட்டாள்: "எங்கடை வீட்டை உடைக்கவோ வந்தனீர்?"

இல்லை எண்டு சொல்ல வாய் உன்னிச்சுது. அப்பிடிச் சொல்லேலாது எண்டு எனக்குத் தெரியும். "தெரியாது அம்மா. இன்னும் ஒரு கோடும் கீறேல்லை. நீங்கள் தண்ணி எங்கை அள்ளுறியள் எண்டு முதலிலை காட்டுங்கோ" எண்டன்.

தெரு முனையிலை நாலைஞ்சு ஆம்பிளையள் வந்து நிக்கினம். ஒருத்தன் குனிஞ்சு கல்லெடுத்ததைக் கண்டன். எழும்பிப் போனா, கந்தோரிலை பங்கா காத்துக்குக் கீழை இருந்து தாளை விரிக்கலாம். அது சுகம்.

கதவு இன்னும் திறக்கேல்லை. நான் இருக்கிறன்.

தம்பி,
அடைக்கலம்